கோபமில்லாத முகங்கள்

ஜூன் 4, புதன்

ஸ்டுடியோவில் இன்றும் பாஸ்போர்ட் படங்கள்தான். "சிரிக்காதீங்க, பல்லு தெரியக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி என் முகமே அரசாங்க முத்திரை குத்தத் தயாராகிவிட்டது. பக்கத்துத் தையல்கடைத் தம்பதியின் சண்டையை எழுதத்தான் உட்கார்ந்தேன். சுவையான விஷயம். ஆனால் மகள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள். "எதுக்கு மொறைக்கிற?" என்கிறாள். நானா? மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் வழக்கமான பரிசோதனை. மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கும் அவருடைய பைபோலார் நோய்க்கான மாத்திரைகளில் மாற்றமில்லை. அவரைப் போன்றவர்களின் பிள்ளைகளை வைத்து அங்கே ஓர் ஆய்வு நடக்கிறதாம். கம்ப்யூட்டரில் முகங்கள் வரும். கோபமா, சோகமா, பயமா, ஒன்றுமில்லையா என்று சொல்ல வேண்டும். மகளைச் சேர்த்திருக்கிறோம்.

டாக்டர், "அவளுக்கும் வரும்னு சொல்லல. கவனமா பாத்துக்கலாம்" என்றார்.

திரும்பும்போது இவர், "என்கிட்டேருந்து அவளுக்கு மூக்கு மட்டும் போயிருந்தா போதும்" என்றார்.

"அந்த மூக்கும் ஒண்ணும் பிரமாதமில்ல" என்றேன். சிரித்தார். பிறகு வீடு வரும்வரை மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார்.

ஜூன் 14, சனி

தேர்வென்றால் பிள்ளையைத் தயார்செய்ய வேண்டாமா? ஆட்கள் வாங்கிப் போகாமல் விட்ட பாஸ்போர்ட் படங்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன்.

"இவர்?"

"கோபம்."

"இந்தம்மா?"

"கோபம். என்னைப் பிடிக்கல அவங்களுக்கு."

எல்லாம் நான் எடுத்த படங்கள். நான் சொன்னபடி முகத்தைச் சும்மா வைத்திருந்த மனிதர்கள். "ஒண்ணுமில்லன்னு சொல்லுடி" என்று உருப்போட வைத்தேன். ஒரே மாலையில் தேறிவிட்டாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மானம் போயிற்று. சோதனை எடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பல்லைக் கடிக்கிற முகத்துக்கும் ஒண்ணுமில்லங்கறா. வீட்ல ஏதாவது பழக்கினீங்களா மேடம்?"

ஒப்புக்கொண்டேன். இன்றைய சோதனை கணக்கில் சேராதாம்.

"இதுல பாஸ், ஃபெயில் கிடையாது மேடம். அவளுக்கு எப்படித் தெரியுதுங்கறதுதான் வேணும்."

மேஜையில் நடந்ததைச் சொன்னேன். சும்மா இருக்கும் முகம் சில பிள்ளைகளுக்குக் கோபமாகத் தெரியலாமாம். அதை மட்டும் வைத்து நோயென்று முடிவுகட்டக் கூடாதாம். "உங்க மனசுல இருக்கறத வாயால சொல்லிடுங்க" என்றாள்.

அப்படின்னா — நான் கண்ணாடி தேடும்போது, களைத்துப்போய்ச் சுவரைப் பார்க்கும்போது — எல்லாமே அவளுக்குக் கோபமா? இத்தனை நாளா எப்படிப்பட்ட அம்மாவோட இருந்திருக்கா என் பொண்ணு?

ஜூன் 18, புதன்

கேமராவைத் தொடப் பிடிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

என் முகத்துக்கு நானே நேர்முக வர்ணனை கொடுக்கிறேன். "இது பசி." "இது செருப்பு கடிக்குது." "இது உங்க அத்தை போன்ல சொன்னத நெனைச்சு."

"ஐயோ, மானத்த வாங்காதம்மா" என்கிறாள் மகள். ஆனால் "அத்தை என்ன சொன்னாங்க?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து மகள் ஓயாமல் பேசினாள். அலமாரித் துணியெல்லாம் கட்டிலில். சுவருக்கு வேறு நிறம் அடிக்கப்போகிறாளாம், இன்றைக்கே. நேற்று சரியாகத் தூங்கவில்லை, ஆனால் களைப்பே இல்லை என்றாள். நோய் ஏறிய நாட்களில் அவளுடைய அப்பாவிடம் நான் முன்பு கேட்ட அதே வேகம். அறை வாசலில் நின்றேன்.

சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "கோபமா இருக்கியா? நிஜமா சொல்லு."

கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இல்லடி. பயம்மா இருக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குந்தாம்மா."

கட்டிலில் இருந்த துணியை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்று அவளேதான் சொன்னாள். அப்பாவும் வரணுமாம்.