ஏழு ஜோடிக் கையுறை

என் பிரியமுள்ள அப்பா,

நாளைக் காலையில் வண்டி. கடலூர், மெட்ராஸ், டில்லி, கால்கா, அப்புறம் அந்தப் பொம்மை மாதிரி மலை ரயில், கடைசியில் சிம்லா. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எங்களை அழைத்துக்கொண்டு போன அதே வழி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடமாவது பேசியே ஆகவேண்டும். அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டு, காதில் எதுவும் விழாத நிலையில் இருக்கிறாள். சிதம்பரத்திலிருந்து என்னோடு வந்திருக்கும் உங்கள் சின்ன மாப்பிள்ளை, காலையிலிருந்து ஹோல்டாலைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறார். உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ராஜம் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது அப்பா. பெண். தந்தி வந்ததும் அத்தை தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டாள். உங்கள் தமக்கையாயிற்றே, எதையும் அளவாகச் செய்யத் தெரியாது.

இந்தத் தடவை வீட்டில் எல்லாருக்கும் கம்பளிக் கையுறை நான்தான் பின்னினேன். எல்லாம் குரோஷா கொக்கி ஊசியில். ஒன்றைக்கூட வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. சிரிக்காதீர்கள்.

உங்கள் கையில் குரோஷா ஊசி வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். சண்டை சமயத்தில் ஜவான்களுக்கு அனுப்ப மஃப்ளர் பின்னச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். நீங்கள் கோர்ட்டுப் படியில் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஈசிசேரில் கிடந்தீர்கள். பொழுது போகாமல் எல்லாரையும் கடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் என் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, “குடு, பாப்பம்” என்றீர்கள். முப்பது வருஷம் கேஸ் கட்டுகளைக் குத்தூசியால் தைத்த குமாஸ்தாவின் கை. நான் ஒரு மாதம் படித்ததை நீங்கள் நாலு நாளில் பிடித்துவிட்டீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன?

அப்போது இந்த வீட்டில் அக்காவின் பேரை யாரும் சொல்லக்கூடாது. சிதம்பரத்தில் படிக்கப்போன இடத்தில் செல்வராஜ் மாமாவைப் பிடித்துப்போய், வேறு சாதி, முடியாது என்று நீங்கள் சொன்னதும், ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அவள் போய்விட்டாள். மாமாவுக்குச் சிம்லா பக்கம் ரோடு போடுகிற வேலை. கல்யாணப் போட்டோ தபாலில் வந்தது. உறையைப் பிரித்தீர்கள், பார்த்தீர்கள், பீரோவில் பழைய காகிதங்களுக்கு அடியில் கவிழ்த்து வைத்தீர்கள். இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது. கிடந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அப்புறம்தான் அந்தக் கடிதம். தலைப்பிரசவம், தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், பயணம் கூடாது என்கிறார் டாக்டர், அம்மா மட்டுமாவது வர முடியுமா என்று கேட்டிருந்தாள். காலையில் பம்பில் தண்ணீர் பிடித்தால் கை மரத்துப்போய் வாளி நழுவுகிறதாம். அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து, எனக்கும் அத்தைக்கும் தணிந்த குரலில் படித்துக்காட்டினாள். கூடத்தில் ஈசிசேர் கிரீச்சிட்டது. எங்களுக்கு உயிர் போய் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. அழைக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

மாவுக்கட்டு பிரித்த மறுநாளே நொண்டிக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினீர்கள். சாயங்காலம் மெரூன் நிறத்திலும் பாட்டில் பச்சையிலும் ஒரு பை நிறைய உல்லன் நூலோடு வந்தீர்கள். கடலூர் புழுக்கத்தில் அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்தது. “குளுருக்கு ஆவும்” என்றீர்கள். அதோடு சரி. அடுத்த வாரம்தான், நாலு பேருக்கும் டிக்கெட்டுக்குச் சொல்லியிருப்பதாக, ஏதோ மளிகைச் சாமான் விஷயம் போல அம்மாவிடம் தெரிவித்தீர்கள்.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பழைய பேப்பரில் கையை வைக்கச் சொல்லி, கோர்ட்டு சிவப்பு நீலப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டீர்கள். உங்கள் கையை வைத்து நான் வரைந்தேன். விரல் விரலாகப் பின்ன உங்களுக்குப் பொறுமை கிடையாது. நாலு விரலுக்கும் ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை. ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. நான் எண்ணினேன். ஏழு ஜோடி!

வீட்டில் நாம் நாலு பேர். ஐந்தாவதுக்குப் பக்கத்தில் அக்கா விட்டுப்போன கண்ணாடி வளையல் இருந்தது. அதை வைத்து அளவு பிடித்திருக்கிறீர்கள். எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது பிறக்கப்போகிற குழந்தைக்கு. மிச்சம் ஒன்று ஆம்பளைக் கை, உங்கள் கையைவிடப் பெரியது. அம்மா அதை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் தைரியம் இல்லை. இவ்வளவு பின்னிய நீங்கள் செல்வராஜ் மாமாவோடு பேசுவீர்களா, இல்லை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா? எனக்கு அதுதான் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். நம் வீட்டில் புதுத்துணியை அலசாமல் யாரும் போட்டதில்லை. வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, காய்ந்ததும் ஓரத்தில் மஞ்சள் தடவி எடுத்து வைப்பது அத்தையின் சட்டம். நம்மூரில் யாருக்குக் கம்பளியைப் பற்றித் தெரியும்? பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், உங்களை அசத்த வேண்டும் என்று, ஏழு ஜோடியையும் கொதிக்கிற அண்டாவில் போட்டேன். அடி அடியென்று அடித்தேன். காய்ந்து எடுத்தால், எல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி சுருங்கி, கெட்டியாகி, உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். “தம்பி, கெளம்பற நேரத்துல இப்பிடி ஆவுதுன்னா, போவக்கூடாதுன்னு அர்த்தம்டா. நா சொல்றதக் கேளு.” இரண்டு வருஷமாக இறுகிக் கிடந்த மனுஷனுக்கு இது ஒன்று போதாதா? அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தீர்கள். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: “கொழந்தைக்கு ஏழு ஜோடி ஆயிடுச்சி. பெரியவங்களுக்கு வண்டியில பின்னிக்கலாம்.”

கதவுக்குப் பின்னால் நான் அழுதேன் அப்பா. சத்தம் கேட்டிருக்கும். “வெந்நீர்க்காரி, வெளிய வா” என்றீர்கள். அன்றைக்கு வைத்த பேர்.

மெட்ராஸில் வண்டி மாறுகிற இடைவெளியில் ஓடிப்போய் மறுபடி நூல் வாங்கினீர்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில், கரித்தூள் கண்ணில் விழ விழ, ஊசி நிற்கவில்லை. எதிர் சீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள் உங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். நாகபுரி தாண்டியதும் சிரிப்பை விட்டுவிட்டு நூல்கண்டைப் பிடித்துக்கொண்டாள். முதலில் யாருக்கு என்று கேட்டேன். நீங்கள் நூலை இழுத்துக்கொண்டீர்கள். கட்டைவிரல் உருவாகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கட்டைவிரல் நம் வீட்டில் யாருக்கும் இல்லை.

சிம்லா ஸ்டேஷனில் மாமா தனியாக வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றார். கிட்டே வரலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் நொண்டிக்கொண்டே நடந்து போனீர்கள். நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்தோம். என்ன பேசப்போகிறீர்களோ என்று எனக்குப் பயம்.

பையிலிருந்து அந்த ஜோடியை எடுத்து நீட்டினீர்கள். “போட்டுப் பாருங்க மாப்ள.”

போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அளவு எப்பிடி மாமா தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

“போட்டோவுல பாத்தன். ராஜம் கைக்கு உங்க கை எவ்ளோ ஜாஸ்தின்னு ஸ்கேல் வெச்சிப் பாத்தன்” என்றீர்கள்.

எத்தனை தடவை எடுத்துப் பார்த்தீர்கள் அப்பா அந்தப் போட்டோவை? நீங்கள் எடுத்ததை நாங்கள் யாரும் ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லையே. அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மாமா அவளைத் தூக்கிவிட்டார், கையுறையோடேயே.

அக்காவுக்கு உள்ளதையும் நீங்களே முடித்திருந்தீர்கள். அம்மாவுக்கும் அத்தைக்கும் நான். எனக்கு அங்கே போய் முடித்துக்கொண்டேன். உங்களுடையது மட்டும் கடைசிவரை வரவில்லை. நூல் தீர்ந்துவிட்டது என்றீர்கள். அந்தப் பனியில் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்கள். சுருங்கிய ஏழு ஜோடியையும் குமரன் ஒரு வருஷம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான். ஊரிலேயே பணக்காரக் குழந்தை அவன்தான் என்று மாமா சொல்வார்.

இப்போது இன்றைய சேதி. அளவுக்கு உங்கள் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். நாலு பேப்பரும் அப்படியே இருந்தன. என் வீட்டுக்காரர் கையை நானே வரைந்தேன்; சிம்லாவில் இருப்பவர்களுக்கு அக்கா தபாலில் கோடு போட்டு அனுப்பினாள். மேலே இருந்த காகிதத்தை எடுப்பது, முடிப்பது, அடுத்ததை எடுப்பது என்று வேகவேகமாகப் போட்டுக்கொண்டே போனேன். பேரைப் பார்க்கவில்லை. இன்று மத்தியானம் பாயில் பரப்பி எண்ணினேன். அம்மா, அத்தை, நான், என் வீட்டுக்காரர், அக்கா, மாமா, குமரன், புதுப் பாப்பா. நீங்கள் கண்ணை மூடியபின் நம் கணக்கு எட்டு. பாயில் ஒன்பது ஜோடி இருந்தது.

ஒன்பதாவதன் காகிதத்தில் என் கோணல் எழுத்து: அப்பா.

அம்மா மாவுக்கையோடு வந்து நின்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவினாள். அந்த ஜோடிக்கும் தடவி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

அது குமரனுக்கு அப்பா. இப்போது அவனுக்கு முழங்கை வரை வரும். அந்தக் காகிதத்தையும் கூடவே கொண்டுபோகிறேன். அவன் கை உங்கள் கோட்டைத் தொடுகிற வருஷம், அவனிடம் நானே எடுத்துக் கொடுப்பேன். அதுவரை அத்தை என்ன சட்டம் பேசினாலும், அந்த ஜோடியின் மேல் ஒரு சொட்டு வெந்நீர் படாது. இது சத்தியம்.

உங்கள் சின்ன மகள்,
வெந்நீர்க்காரி மங்கை