பாட்டுப்பெட்டியில் என் குரல்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பெண் குரல் வரவேற்கிறது. "வளமான கரை, வெளிச்சமான நாளை." பின்னால் புல்லாங்குழல் வேறு. கண் தெரியாத மனுஷனிடம் போய் வெளிச்சமாம். எழுதினவன் எவனோ, அவனை ஒரு நாள் என் எதிரில் நிறுத்த வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி என்று சொல்லிப் போன வாரம் என் வீட்டுக்காரரைப் பொன்னேரி மண்டபத்துக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். பொன்னாடை, பிரியாணி, உள்ளங்கை அளவில் ஒரு பாட்டுப்பெட்டி. போட்டால் அந்த வாசகம். ஒரு பாட்டு முடிந்தால் மறுபடி அந்த வாசகம். அழிக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. பாட்டை மாற்ற வேண்டுமானால் திரையைப் படிக்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்குக் கொடுத்த பெட்டியில் திரையைப் படிக்க வேண்டும்! அதனால் நான் சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும், "குணா, இத்த கொஞ்சம் மாத்திக் குடு."

போன் பேசுமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல் இவருக்கு. போன் கண்ணாடி அதை விரல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பொத்தான் இருந்தால்தான் பிடிபடும். சர்க்கரை நோய் கண்ணை வாங்கிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பெட்டி வந்த பிறகுதான் மூலையை விட்டு எழுந்து வாசல் வரைக்கும் வருகிறார். அதனால் வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுக்கிறேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

பொன்னேரி பேருந்து நிலையத்தில் இறங்கினால் எதிரில் பெரிய பேனர். அதில் இவர். பொன்னாடை போர்த்தி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. மேலே அந்த வாசகம். கீழே "கடலோர மக்கள் எங்களோடு".

நம் கரையைக் கேட்டு அலைகிறதே, ஊரே எதிர்த்து மனு கொடுத்ததே, அந்தக் கம்பெனி வைத்த பேனர். மனுவில் இவர் கையெழுத்தும் இருக்கிறது. நான்தான் கையைப் பிடித்துப் போட வைத்தேன்.

நெட் சென்டரில் வேலையே ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், போட்டோ எடுத்தாங்களாய்யா?

"எனுக்கு எப்படித் தெரியும் குணா? சங்கத்துலேர்ந்து குடுக்குறாங்கன்னுதான் வேன்ல வந்தவன் சொன்னான். 'அண்ணா, கொஞ்சம் சிரிங்க'ன்னான் ஒருத்தன். தமாஷ் பண்றான்னு சிரிச்சேன்."

பாவிங்க. கண்ணு தெரியாதவன சிரிக்கவெச்சு படம் புடிச்சிருக்கானுங்க.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஏரியில் எங்களுக்கு இருந்த பாடு, வலை போடும் முறை, அதை நிறுத்திவிட்டார்கள்.

ஊர்க்கூட்டத்துக்கு இவர் போகவில்லை. சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊர்த் தலைவர் வேதாசலம் வேறு யாரோ இல்லை, இவருடைய சொந்தப் பெரியப்பா மகன். "கம்பெனிகிட்ட கை நீட்டினவனுக்கு ஊர்ப் பாடு எதுக்கு?" என்றாராம். வரும் 31-ஆம் தேதி சபையில் வந்து பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் நடக்கும் வருஷச் சீட்டுக் குலுக்கலில் இவர் பெயர் இருக்காது.

பெட்டியை ஏரியில் எறிந்துவிடலாம் என்று எடுத்தேன். இவர் கையை மட்டும் நீட்டினார். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

ஜெனிஃபரிடம் கொட்டித் தீர்த்தேன். நெட் சென்டரில் பக்கத்து நாற்காலி. ஆரம்பாக்கம் பெண், நெல் விளையும் வீடு. பாடு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? "பாடு போனா இன்னாக்கா, வேற இடத்துல மீன் புடிக்கட்டுமே" என்கிறாள்.

அடி பைத்தியமே, ஏரி என்ன பொதுக் குழாயா? எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் சீட்டுக் குலுக்கி முறை வைக்கும். அதுதான் பாடு. இவருக்குக் கண் போனாலும் முறை போகவில்லை. எங்கள் வலை, எங்கள் முறை, ஆள் வைத்துப் போடுகிறோம். அதில் வரும் பங்கில்தான் பாதி வருஷம் ஓடுகிறது. அதைவிட, பாடு வரிசையில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் ஊரில் இவர் ஒரு ஆள். பெயர் போனால் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்கும் குருடன், அவ்வளவுதான்.

ஜெனிஃபர் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் சாதாரணச் சீனப் பெட்டி. உள்ளே அதை ஓட்டுகிற புரோகிராமை, ஃபர்ம்வேராம், அதைத் தூக்கிவிட்டு வேறு ஒன்று போடலாம் என்கிறாள் ஜெனிஃபர். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, காசு கேட்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்களாம். அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெட்டியே வாய்விட்டுப் பேசும். கண் தெரியாதவர்களை நினைத்து யாரோ முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். பொன்னாடை போடவில்லை, பேனர் வைக்கவில்லை.

கேபிளைச் சொருகி ஏற்றினாள். திரை கறுத்துப்போனது. ஐந்து நிமிஷம் உயிரே இல்லை. பிறகு வெளிச்சம் வந்தது. புல்லாங்குழல் இல்லை! வளமான கரை இல்லை! சென்டரில் ஆதார் திருத்த வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

வீட்டில் இவர் பொத்தானை அழுத்தினார். இங்கிலீஷில் ஒரு ஆண் மூக்கால் பேசினான்.

"யார்ரா இவன்? இன்னா சொல்றான்?"

ஆறாம் வகுப்போடு படகேறினவர். தலையில் அடித்துக்கொண்டேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

குரலையும் நாமே போட்டுக்கொள்ளலாமாம். ஒவ்வொரு சொல்லாகப் பேசிப் பதிந்து, சேர்த்து ஏற்ற வேண்டும். நான்கு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நல்ல தமிழில் எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "முதன்மைப் பட்டியல்."

"அத்த எதுக்கு? எல்லாத்தயும் உட்டுட்டு மொதல்ல வர்ற எடம்தானே? கரைன்னு சொல்லு."

பாட்டுகளை முறை மாற்றிக் கலைப்பதற்கு? யோசிக்கவே இல்லை, "சீட்டு குலுக்கு" என்றார். சத்தத்தை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் "இழு", "விடு". சொல்லச் சொல்ல முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் மேடையில் பேசுவதுபோல் பேசிக் காட்டியதும்தான் கோபம் வந்தது.

"அய்ய, இது யாரோ. நீ திட்டுவல்ல, அந்த மாதிரி சொல்லு. அப்பதான் எனுக்குப் புரியும்."

திட்டுவதற்கா சொல்லித்தர வேண்டும்? போட்டதும் "வந்துட்டேன், இன்னா வேணும்?" என்று கேட்கும்படி பதிந்திருக்கிறேன்.

27 ஆகஸ்ட்

நேற்று என் குரலை ஏற்றிக் கொடுத்தேன். காலையிலிருந்து ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதக்கூடக் கை வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

கோயில் மண்டபத்தில் சபை. பெண்கள் மதிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பேசக் கூடாது. வேதாசலம் மாமா ஆரம்பத்திலேயே, "அந்தப் பெட்டிய போடுடா. கம்பெனி பாட்ட ஊரே கேக்கட்டும்" என்றார்.

இவர் போட்டார்.

"வந்துட்டேன், இன்னா வேணும்?"

மதில் ஓரத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மண்டபத்துக்குள் ஒரு பெண்ணின் பேச்சு கேட்டது இன்றைக்குத்தான்.

"யாருது இது?" என்றார் மாமா.

"என் சம்சாரம்ணா. கம்பெனிக்காரிய தொரத்திட்டு இவ உக்காந்துக்கினா."

சிரிப்பு கிளம்பியது. நானும்தான் சிரித்தேன். பொன்னேரி மண்டபத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா விடவில்லை. "கொரலு மாறினா பொருளு மாறிடுமா? கம்பெனி குடுத்தது கம்பெனி குடுத்ததுதான். சபையில உட்டுடு. பூட்டி வெச்சி அவன் வந்தா மூஞ்சில வீசுறோம். உன் பாடு உனுக்கு."

கொடுத்துவிட்டார். ஒரு நொடி யோசிக்கவில்லை. மதில் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

தொண்டை கட்டிப் பேசினது நானு. என் கொரல எடுத்து ஊருக்குக் குடுக்க இவரு யாரு?

1 செப்டம்பர்

பேசவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

இன்றும் பேசவில்லை. தட்டை வைக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன். சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறார். "குணா, பாடு வேணுமில்ல?" என்று ஒரு தடவை கேட்டார். வேணும்தான். யார் வேண்டாம் என்றது?

நான் பதிந்தது எல்லாம் சென்டர் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதாம். வேறு பெட்டி கிடைத்தால் அரை மணி நேர வேலை என்கிறாள் ஜெனிஃபர். அந்த ஃபர்ம்வேர் ஆட்களுக்கும் அனுப்பட்டுமா, வேறு யாராவது தமிழ்க்காரர் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். அனுப்பச் சொல்லிவிட்டேன். எந்த ஊரிலோ யாருக்கோ என் வாய் வேண்டும். எங்கள் ஊர்ச் சபைக்குத்தான் ஆகாது.

குரல் பத்திரமாக இருப்பதை இவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கிடக்கட்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

சீட்டு இன்று. குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மதிலுக்கு வெளியே வழக்கம்போல் நாங்கள்.

"தேவேந்திரன்!"

"கீறேன்."

"வந்து எடு."

இவர் எழுந்து நின்றார். போகவில்லை. "எடுக்குறேண்ணா. அதுக்கு முன்னாடி பெட்டிய குடுங்க. அது என் பொண்டாட்டிது. அவள கேக்காம குடுத்துட்டேன். குடுக்க எனுக்கு ரைட்டு இல்ல."

மாமா முகம் சிவந்துவிட்டது. "பாடு வேணுமா, பெட்டி வேணுமா?"

"அப்ப பாடு வேணாம்ணா."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். படியில் கால் இடறியது. ஒருவரும் பிடிக்கவில்லை.

அய்யோ பாவி மனுஷா. அதே குரல் கம்ப்யூட்டரில் கிடக்கிறதய்யா, அதற்குப் போய்ப் பாடு வேண்டாம் என்கிறாயே! முன்பே சொல்லியிருந்தால் பெட்டியைக் கேட்டிருக்க மாட்டாரோ? தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நான் மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். எப்போது மதிலைத் தாண்டினேன் என்று நினைவில்லை.

"சீட்ட அவரு எடுக்கணும், இல்லன்னா அவரு வீட்டு ஆளு எடுக்கணும். அதானே மாமா ஊர் வழக்கம்? போன வருஷம் பொன்னுரங்கத்துக்கு காய்ச்சல்னு அவரு மச்சான் வந்து எடுத்தாரு. எங்க வீட்ல நான்தான் ஆளு."

"பொம்பள உள்ள வரக் கூடாது" என்றான் ஒருவன்.

"இவருக்குக் கண்ணு போனதுலேர்ந்து வலைக்கு ஆள் புடிக்கிறது யாரு? கரையில நின்னு பங்கு பிரிக்கிறது யாரு? அப்பல்லாம் வாய மூடிக்கினு எங்கிட்டதானே வாங்கினு போறீங்க? இப்ப இன்னா, திடீர்னு பொம்பளயா தெரியறேன்?"

அவன் தலை குனிந்துகொண்டான். எங்கள் வலைக்கு வருகிறவன்தான். மாமா குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளினார், கோபமாகத்தான். கையை விட்டு எடுத்தேன்.

பெட்டியைப் பூட்டி வைத்த சாவியையும் கேட்டு வாங்கினேன். பெட்டியை நானே எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் இவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்கத் திட்டினேன். எத்தனை நாள் பேசாமல் இருந்ததோ அத்தனைக்கும் சேர்த்து. இவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

16 செப்டம்பர், செவ்வாய்

எடுத்தது படு மோசமான இடம். வாய்க்கால் ஓரம், முழங்கால் வரை சேறு, இறால் எட்டிக்கூடப் பார்க்காது. பொம்பளை கை பட்டதால்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. பேசட்டும். அடுத்த வருஷமும் நான்தான் எடுப்பேன்.