மறுகால் செம்பு

அண்ணாச்சி,

இன்று விடியும்போது மறுகால் பக்கம் சத்தம் கேட்டது. கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியே விழுகிற சத்தம். அதைக் கேட்டுப் பல வருசமாயிற்று. கம்பை ஊன்றிக்கொண்டு போகும்போதே மஞ்சள் துணி கட்டிய பித்தளைச் செம்பும் உம்முடைய முகமும் கண்முன் வந்துவிட்டன.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். “மேல்விலாசம் என்ன மாமா போட?” என்று கேட்டாள். “போட வேண்டாம், எழுது தாயி” என்றேன். நீர் போய்ச் சேர்ந்த சேதி அவளுக்கும் தெரியும்.

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வத்தலும் மல்லியும் ஏற்றிக்கொண்டு முதல் தடவை உங்கள் துறைக்கு வண்டி பூட்டி வந்தபோதுதான் நான் கடலைப் பார்த்தேன். “இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். தோணிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த நீர் திரும்பிப் பார்த்து, “சும்மா எங்க கெடக்கு? கெட்டுப் போகக் கூடாதுன்னு உப்புப் போட்டுல்லா வச்சிருக்கு” என்றீர். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

உங்கள் துறையை நீர்தான் எனக்கு நடந்து நடந்து காட்டினீர். ஓடை கடலில் சேருகிற இடத்தில் ஒரு வளைவு. அந்த வளைவுக்குள் வந்துவிட்டால் தெற்குக் காற்று தோணியைத் தொடாது. அதனால்தான் அங்கே துறை வந்தது. எங்கள் கரிசல் பருத்தியெல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் கப்பலேறியதாம். அந்தப் பருத்தியை அடுக்கி வைத்த கிட்டங்கிகளின், கூரை இல்லாமல் நின்ற சுவர்களைக் காட்டினீர். கடல்கல்லால் கட்டிய சுவர். நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. “கோவில்பட்டிக்கு ரயில் வந்துச்சு. ஒங்க பருத்தி ரயிலேறிப் போயிட்டு. எங்க துறை அன்னைக்கே பாதி செத்துட்டு” என்றீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்.

மீதிப் பாதியின் உயிர் எங்கள் கண்மாயில் இருந்தது. கடல் வருசம் முழுக்க மணலைக் கொண்டுவந்து ஓடை வாயை அடைக்கும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்று நிறைந்து ஒன்றில் விழுந்து, கடைசியாக எங்கள் கண்மாயின் மறுகாலில் விழுந்து, அந்த வெள்ளம் போய் மணலை உடைத்தால்தான் வாய் திறக்கும். உள்ளே கிடக்கும் தோணி வெளியே போக வேறு வழியில்லை. அதனால்தான் அந்த வழக்கம். மறுகால் பாய்ந்ததும், விழுகிற தண்ணீரை ஒரு செம்பில் பிடித்து, மஞ்சள் துணி கட்டி, உடனே ஒரு ஆள் துறைக்கு ஓட வேண்டும். செம்பு வந்தால் பின்னாலேயே வெள்ளம் வரும். நீங்கள் தோணியைத் தயார் செய்வீர்கள். செம்பு கொண்டுவந்தவன் கருவாட்டுச் சிப்பத்தோடு திரும்புவான்.

பழுது பார்க்க நீர் தோணியை உள்ளே கொண்டுவந்த பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருசமும் பொய்த்தது. வாய் அடைத்தே கிடந்தது. வெயிலில் பலகைகள் வெடிக்க, நீர் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தீர். எங்கள் ஊரிலோ குடிக்க ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கார்த்திகையில் மேகம் கூடியது. ஊர் கூடிப் பேசியது. இந்தத் தடவை ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று மறுகால் மேல் மண் மூட்டைகளை அடுக்கி உயர்த்தினார்கள். தாகம் தெரிந்தவன் அதைக் குற்றம் சொல்ல மாட்டான். கண்மாய் நிறைந்தது.

நான் அப்போது விஷக் காய்ச்சலில் கிடந்தேன். என் மச்சினன் சந்தோசத்தில் செம்பை எடுத்தான். மறுகாலில் தண்ணீர் விழவில்லையே என்று அவனுக்கும் தோன்றவில்லை, துணி கட்டிக் கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. கண்மாயில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினான்.

செம்பைப் பார்த்த நீர் அந்தத் தண்ணீரைத் தோணியின் முகப்பில் ஊற்றிக் கும்பிட்டீராம். வெள்ளம் வந்ததும் எடுத்துப் போகட்டும் என்று ஆள் கூட்டி, வளைவை விட்டு மணல் விளிம்புக்கு இழுத்து நிறுத்தினீராம். வெள்ளம் வரவில்லை. கடலிலிருந்து புயல் வந்தது. அலை மணலைத் தாண்டி வந்து அடித்ததில் தோணி இருந்த இடத்திலேயே பிளந்துவிட்டது. வளைவுக்குள் கிடந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

புயல் ஓய்ந்தபின் நீர் எங்கள் ஊருக்கு வந்தீர். நேரே கண்மாய்க் கரைக்கு. நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். கூட்டத்தில் ஒருவன், “கடலையே வச்சுக்கிட்டு நம்மகிட்டத் தண்ணி கேக்க வாராரு பாரு” என்றான். நீர் அவன் பக்கம் திரும்பவில்லை. மூட்டைகளையே பார்த்தீர்.

“இது எப்ப வச்சது?”

“இந்த வருசந்தான் அண்ணாச்சி” என்றேன்.

“அப்போ செம்பு எப்படிவே வந்துச்சு?”

மச்சினன்தான் வாய் திறந்தான். “நெறஞ்சிட்டுல்லா... நெறஞ்சா கொண்டு வாறது வழக்கந்தான?”

“நெறையறது ஒங்களுக்கு, மாப்ள. வழியறதுதான் எங்களுக்கு.”

மூட்டையை வெட்டிவிடச் சொல்வீர் என்று பயந்து மண்வெட்டியோடு நின்றவர்களும் உண்டு. நீர் கேட்கவில்லை. குடத்தோடு படித்துறையில் இறங்கும் பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தீர். “மொதல்ல பருத்தி, இப்ப தண்ணி” என்றீர். இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் வீட்டில் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். “காய்ச்சக்காரன் போய்ப் படும்வே” என்று என் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டீர்.

அதற்குப் பிறகு தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறீர் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை அங்கே தேடி வந்தேன். கப்பல் உயரத்தைப் பார்த்து மலைத்து, உம்மைக் காணாமலே திரும்பினேன். செம்பு அனுப்புகிற வழக்கம் அந்த வருசத்தோடு நின்றது. மூட்டைகளை யாரும் எடுக்கவில்லை. அதில் புல் முளைத்துக் கரையாகவே ஆகிவிட்டது. எடுக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் வீட்டுக் குடமும் அந்தக் கண்மாயில்தான் நிறைகிறது.

ஆனால் ஒன்று. கண்மாய் நிறைந்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் நான் தலையாட்டுவதில்லை. நானே போய், மறுகால் வாயில் காலை வைத்துப் பார்ப்பேன். இத்தனை வருசமும் அங்கே மண்தான் இருந்தது. இன்று கால் வைத்தபோது தண்ணீர் அந்த மண்ணையும் மீறி வந்திருந்தது. விரல்களுக்கு நடுவே தண்ணீர் நுழைந்து, கிழக்கே பார்த்து இழுத்தது.

வழிகிறது, அண்ணாச்சி. செம்பு என் கையில்தான் இருக்கிறது. துறையில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.