பெட்டியின் நான்காவது பக்கம்

15.11.1997, சனி

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை வைப்பதற்காக, இவர் முதல் லீவில் கொண்டுவந்து போட்ட தகரப் பெட்டிக்கு இன்று தாள் ஒட்டினேன். கைவேலைப் புத்தகம் ஒன்றில் போட்டிருந்தபடியே தாளை டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஓரங்களை மெழுகுவத்தியில் கருக்கியிருந்தேன். நூறு வருஷத்துப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. மூன்று பக்கம் முடித்து, நான்காவதை விட்டுவிட்டேன். அதில்தான் வெள்ளைப் பெயிண்டில் இவர் பெயரும் மஸ்கட் விலாசமும் இருக்கின்றன.

“அத ஏன் விட்டுட்ட?” என்றார்.

“லெட்டர் போடுறப்ப அதப் பார்த்துதாங்க அட்ரஸ் எழுதுவேன்.”

“இனிமே வேண்டியிருக்காது, மேரி.”

பிரஷை என் கையிலிருந்து வாங்கி, மைதாப் பசையைத் தடவி, அவரே ஒட்டினார். சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். அப்படியானால் திரும்பிப் போகப்போவதில்லையா? மாதக் கடைசியில் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார் என்று வலங்கைமான் நாத்தனாரிடமும் சொல்லியாயிற்று. இங்கேயே இருந்து பயிர் வைக்கலாம் என்றால், வயலை இவர் வருவதற்கு முன்பே குத்தகைக்கு விட்டாயிற்று.

ஈரத்தாளுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. காய்ந்தால் மறைந்துவிடும் என்றார். இந்த மழையில் எங்கே காய்கிறது. இப்போதும் மஸ்கட் என்று படிக்க முடிகிறது.