மகள் ஓட்டும் மருமகன் ஓட்டும்

ஜூலை 5, வெள்ளி

பிரிட்டனில் ஆளுங்கட்சி தோற்றுவிட்டது. லண்டனில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் என் மருமகன், அந்தப் பிரதமரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல விடமாட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது மகள் போன் செய்தாள்.

"அத்தா, நான் எதிர்க்கட்சிக்குத்தான் குத்துனேன். வெலவாசி அம்புட்டு ஏறிப் போச்சு. அவர்ட்ட சொல்லிராதீங்க."

நாகல் நகர் வருவதற்குள் மருமகனே கூப்பிட்டார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"மாமா, கட்சி ஆபீசுக்குப் பிரியாணி குடுத்தேன், ஓட்டு குடுக்கல. மாத்திப் போட்டுட்டேன். ஒங்க மகளுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுருவா. சொல்லிராதீங்க."

எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு பேரும் யாருக்குப் போட்டாகளாம்?" என்று கட்டிலிலிருந்து கேட்கிறாள் மனைவி. இவளிடம் சொன்னால் விடிவதற்குள் லண்டன் போய்விடும். தலையணையைக் கடித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.