கமலை மாடும் ஐந்து துண்டு வார்த்தையும்

மதராஸ்,
12-8-1957

அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் சேதுபதி வணங்கி எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் முழங்கால் வலியும் மயிலைக் காளையின் கழுத்துப் புண்ணும் தேவலையா?

ஆசிரியர் பயிற்சிக்கு வந்த எங்களுக்கு இங்கிலீஷ் நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். கோட்டுக்குள் பாதி ஆள், மீதி வீறாப்பு. 'இர்ரெஸ்பான்சிபிள்' என்ற ஒரே வார்த்தையை இர், ரெஸ், பான், சி, பிள் என்று ஐந்து துண்டாக நறுக்கி ஒரு வாரம் ஓட்டிவிட்டார். பொறுப்பில்லாத என்று அர்த்தம். அழுத்தம் எதில் விழும் என்று என்னைக் கேட்டார்.

"பான்ல சார். எங்க ஊரு கிணத்துக் கமலையில தோல் சால் தண்ணிய விட்டு எழும்புறப்ப மாடு அம்புட்டு பலத்தையும் போடும்ல, அந்த மாதிரி" என்றேன்.

"உட்காருடா, பட்டிக்காடு" என்றார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த மகான் அதே கமலையைத் தன் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டு, பலகையில் படமும் போட்டார். படத்தில் மாடுகள் சால் தண்ணீரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகின்றன! பள்ளத்தில் இறங்கித்தானே மாடு தண்ணீர் இழுக்கும்? பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீர் குடித்தவருக்கு அது எங்கே தெரியும்? இன்ஸ்பெக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

தகப்பனார் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் வாத்தியார் என்னைத் திரும்ப வகுப்பில் சேர்ப்பாராம். பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள். திண்டுக்கல்லில் ரயில் ஏறும்போது ஆத்தா இடித்த பருப்புப் பொடி கொண்டுவாருங்கள். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். மூன்று நாள் என்றாலும் சரி.

மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாடு எந்தப் பக்கம் நடக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

சேதுபதி