அய்யாவின் வள்ளம்

அன்பு மகளுக்கு,

மூட்டுவலி பரவாயில்லை. மாத்திரை போடுகிறேன்.

போன ஞாயிறு கிராமசபை நடந்தது. கரையில் ஆளில்லாமல் கிடக்கும் வள்ளங்களில் கடத்தல் சரக்கை ஒளிக்கிறார்களாம். அவற்றை உடைத்து அகற்ற வேண்டுமென்று இன்ஸ்பெக்டர் வந்து சொன்னார். உன் அய்யாவின் வள்ளத்தையும் சேர்த்துத்தான்.

பழைய மாதா கோயிலைச் சம்பளம் வாங்காமல் செப்பனிடும் பிள்ளைகளில் ஒருத்தியான பிரெசில்லா எழுந்தாள். "பாய் கட்டி ஓட்டுன வள்ளத்துல அது ஒண்ணுதான் சார் மிச்சம். கோயில் முன்னால வச்சு நாங்க பாத்துக்கிறோம்."

"சொந்தக்காரர் இருந்தா அவரே வந்து எழுதித் தரணும். உயிரோட இல்லைன்னா அவர் சம்சாரம் இந்தம்மா குடுக்கலாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அவர் இருக்காராம்மா?"

சபையே தலையைக் குனிந்துகொண்டது. புயலன்று வேறொருவர் போட்டில் போய்த் திரும்பாதவர், தன் வள்ளத்தைத் தேடி வராமலா போவார் என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். அதற்காகத்தானே வருஷாவருஷம் அதற்கு எண்ணெய் பூசினேன்.

வருவார் என்று சொன்னால் உடைத்துவிடுவார்கள்.

"இல்ல சார்" என்றேன்.

நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. ஆனால் ஊர் முன்னால் சொன்னதைச் சாமியார் முன்னால் மாற்றிச் சொல்ல முடியாது. நீ கேட்ட இறந்தோர் பூசையை வைக்கலாம். லீவு எப்போதென்று எழுது.

வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பிள்ளைகள் கோயில் முன்னால் வள்ளத்தின் முகப்பை ரோட்டுப் பக்கம் வைத்திருந்தார்கள். கடலுக்குப் போகிற வள்ளத்தை நிறுத்தி வைப்பதுபோல் கடலைப் பார்த்துத் திருப்பச் சொன்னேன். திருப்பினார்கள்.

அம்மா